இறக்கிய போலோவுக்கு ஷாக் மாற்றிய பிறகு

பெங்களூரில் இறக்கிய கார், அதாவது குட்டை ஸ்பிரிங் போட்டு உயரத்தைக் குறைத்த கார் வைத்திருப்பவர்கள், ஸ்பிரிங்கின் குதிப்பை அடக்கும் ஷாக் அப்சார்பரை மாற்றப் போகும்போது முதலில் அதன் நீளத்தைக் கேளுங்கள். பிராண்டு, விலை எல்லாம் அப்புறம். ஸ்பிரிங் விற்ற கடையில் எனக்குச் சொன்னது, "கம்பெனி ஷாக்கே போதும் சார், ஒண்ணும் ஆகாது." ஆனது. முன்பக்கம் இரண்டிலும் ஆயில் கசிந்து, குழாய் மேல் தூசி அப்பிக் கறுப்பாகப் பிசுபிசுத்தது. இதையே இன்னும் எத்தனை பேரிடம் சொல்லி விற்கிறார்களோ என்று நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

என் ஃபோக்ஸ்வேகன் போலோவின் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு. கார் 35 மி.மீ. இறங்கினால், சும்மா நிற்கும்போதே ஷாக்குக்குள் போய்வரும் கம்பியான பிஸ்டன் ராடு ஏறக்குறைய அவ்வளவு உள்ளே போய்விடுகிறது. மிச்சமுள்ள இடம் கொஞ்சம்தான் என்பதால் சின்னப் பள்ளத்துக்கே கடைசியில் இருக்கும் மெத்தென்ற தடுப்பான பம்ப் ஸ்டாப்பில் போய் முட்டும். இறக்கும் ஸ்பிரிங் விறைப்பாகவும் இருக்கும். அது எழும்புவதைப் பிடித்து நிறுத்தும் அளவுக்குக் கம்பெனி ஷாக்கை அமைத்திருக்க மாட்டார்கள். பில்ஸ்டைன் என்ற ஷாக் பிராண்டில் பி6 கம்பெனி உயரத்துக்கு, குட்டையான பி8 இறக்கிய காருக்கு. கோனி என்ற இன்னொரு பிராண்டின் ஸ்போர்ட் ஷாக்கில் ரீபவுண்டை, அதாவது அமுங்கிய ஷாக் திரும்ப நீளும்போது தரும் எதிர்ப்பை, திருகிக் கூட்டிக் குறைக்கலாம். நான் போட்டது பி8.

மாட்டியவர் அல்சூரில் எனக்குப் பழக்கமான மெக்கானிக். பழைய ஷாக்கை மேசையில் நிறுத்தி ராடை அழுத்திக் காட்டினார். உள்ளே போனது அங்கேயே நின்றுவிட்டது. புதியதைக் கட்டியிருந்த பட்டையை வெட்டியதும் ராடு தானாக மெதுவாக மேலே ஏறி வந்தது. உள்ளே இருக்கும் வாயு அழுத்தம் செய்யும் வேலை அது. "மவுண்ட், பம்ப் ஸ்டாப் ரெண்டும் புதுசா போட்டுடலாம் அண்ணா, பழசையே மாட்டினா சீக்கிரம் சத்தம் வரும்" என்றார். ஷாக்கின் தலையைக் காரோடு பிணைக்கும் மவுண்டையும் சேர்த்துப் போட்டோம். பின்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி, அதனால் வேலை சீக்கிரம் முடிந்தது. கடைசியாக வீல் அலைன்மென்ட்.

சில்க் போர்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி போகும் மேம்பாலத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது. முன்பெல்லாம் ஒவ்வொரு இணைப்பைத் தாண்டும்போதும் முன்பக்கம் இரண்டு மூன்று தடவை குதித்து அடங்கும். இப்போது ஏறும், இறங்கும், அவ்வளவுதான். ஓசூர் தாண்டிக் கிருஷ்ணகிரி ரோட்டில் போகும்போது, எப்போதும் கைப்பிடியை விடாத அம்மா பின் சீட்டில் தூங்கிவிடுகிறார். இந்த அடக்கத்துக்காகவே கொடுத்த காசு தகும்.

ஆனால் வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தால் அந்தச் சந்தோஷம் போய்விடுகிறது. சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்திய ரோடு காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில், 10 செ.மீ. உயரத்தில் வளைவாக ஏறி இறங்க வேண்டும். எங்கள் பகுதியில் ராத்திரியோடு ராத்திரியாகச் சிமென்ட்டைக் குவித்து, ஒரு முழ அகலத்தில் கரை கட்டிவிட்டுப் போகிறார்கள். நான்கு பேர் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு சாய்த்து ஏற்றினாலும் அடி உரசுகிறது. அந்தக் கர்ர் சத்தத்துக்கு எனக்கு உடம்பே கூசுகிறது. எவ்வளவு நல்ல ஷாக்காக இருந்தாலும் இறக்கிய அந்த 35 மி.மீட்டரைத் திருப்பித் தராது.

என் மச்சானும் தன் போலோவை இறக்கி வைத்திருக்கிறான். போன வாரம் இதே பி8 வாங்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம், கம்பெனி ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டு, அதற்கேற்ற சாதாரண ஷாக் மாட்டு என்றேன். "அப்போ நீங்களும் கழட்டிடுவீங்களா மாமா?" என்றான். மாட்டேன். கிருஷ்ணகிரி ரோட்டை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வராது.

அவன் கேட்க மாட்டான் என்று தெரியும். அதனால் ஒன்று மட்டும் செய்யச் சொன்னேன். பின் ஷாக்கின் உறையைத் தூக்கி, ராடின் அடியில் ஒயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டையான கேபிள் டை ஒன்றைக் கட்டிக்கொண்டு, குடும்பத்தோடு ஒரு வாரம் ஓட்ட வேண்டும். ஷாக் அமுங்கும்போது மேலே தள்ளப்படும் அந்த டை பம்ப் ஸ்டாப் வரை ஏறியிருந்தால் மிச்ச இடமே இல்லை என்று அர்த்தம்; ஷாக் வாங்கும் பேச்சை விட்டு முதலில் ஸ்பிரிங்கைக் கழற்றட்டும்.