நின்று பார்க்கவா, தொட்டுப் பார்க்கவா?

மும்பை மாட்டுங்காவில் ரயில் ஏறி சி.எஸ்.எம்.டி. நிலையத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் காலா கோடா, அதாவது 'கறுப்புக் குதிரை' என்ற பகுதி. தெருவில் கலை அங்கே இரண்டு விதமாகக் கிடைக்கிறது.

ஒன்று, 2017-ல் வைத்த கறுப்புக் குதிரைச் சிலை. அந்தப் பகுதியில் முன்பு இருந்த சிலையில் குதிரைமேல் உட்கார்ந்திருந்தவர் பிரிட்டிஷ் அரசர் ஏழாம் எட்வர்டு. 1965-ல் அந்தச் சிலையைப் பைகுல்லாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். புதிய குதிரைமேல் யாரும் இல்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது. வருஷம் முழுக்க, மழையிலும் நிற்கிறது. ஆனால் ஒரு படம் எடுத்ததும் நகர்ந்துவிடுகிறோம்.

இன்னொன்று, 1999 முதல் நடக்கும் கலை விழாவுக்காக அங்குள்ள ராம்பார்ட் ரோ என்ற தெருவில் வைக்கும் படைப்புகள். ஒன்பது நாள்தான். சிலவற்றைச் சுற்றலாம், தட்டலாம், உள்ளேயே நுழையலாம். ஒருமுறை என் அக்கா மகள் ஒரு கைப்பிடியைச் சுற்றினாள். தகர டப்பாக்கள் மேலிருந்து கீழாகக் கடகடவென்று ஒலித்தன. பக்கத்தில் நின்ற பாட்டி, "எனக்கும் கொஞ்சம் குடும்மா" என்று தமிழில் கேட்டார். தாராவியிலிருந்து வந்தவராம். அப்புறம் அரை மணி நேரம் இரண்டு பேரும் மாறி மாறிச் சுற்றினார்கள்.

சரி, தொட்டால் தேயும். அடுத்த முறை போனபோது கைப்பிடி ஆடியது, கயிறு கட்டி மறித்திருந்தார்கள். அப்படியும் என் ஓட்டு இதற்குத்தான். திருகு முடுக்க ஓர் ஆளைப் போட்டு, ஒன்றையாவது வருஷம் முழுக்க அங்கே வைக்க வேண்டும். குதிரைக்குப் பக்கத்திலேயே வைக்கலாம்.