குதிரைக்கு அட்டைப் படுக்கை: ஒரு குளிர்காலம் முழுக்கப் போட்டுப் பார்த்த பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். ஆனால் தினமும் காலையில் முக்கால் மணி நேரம் லாயத்தில் குனிந்து நிற்க முடியாதவர்கள் வாங்கவே வேண்டாம், ஏனென்றால் இரண்டு நாள் கண்டுகொள்ளாமல் விட்டால் மூன்றாம் நாள் அங்கே படுக்கை இருக்காது, கேழ்வரகுக் களிதான் இருக்கும்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், கென்ட் பக்கம். மகளிடம் ஒரு வெல்ஷ் செக்‌ஷன் சி போனி (குட்டை ரகக் குதிரை) இருக்கிறான், 13.2 கை உயரம். அந்தப் புள்ளியைத் தசமம் என்று நினைத்துவிடாதீர்கள், நான் ஒரு வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கை என்றால் 4 அங்குலம், 13 கையும் 2 அங்குலமும் சேர்ந்து மொத்தம் 54 அங்குலம். அவன் நிற்பது ஒரு லிவரி யார்டில். மாதாமாதம் பணம் கட்டினால் லாயத்தில் ஒரு பாக்ஸும் (குதிரைக்கான தனி அறை) மேய்ச்சலுக்குக் கொஞ்சம் நிலமும் தருவார்கள், தீனி வைப்பது, லத்தி அள்ளுவது எல்லாம் நம் தலையில். மகளின் தலையில் என்று பேச்சு, நடப்பது என் தலையில்.

போன வருஷக் குளிர்காலம் வரைக்கும் வைக்கோல்தான் போட்டுக்கொண்டிருந்தோம். நம் ஊர் நெல் வைக்கோல் இல்லை, இங்கே கோதுமையோ பார்லியோ. நவம்பரில் நம் போனிப் பையன் இரும ஆரம்பித்தான். சவாரி தொடங்கியதும் நாலைந்து இருமல், தீனி தின்னும்போது ஒன்றிரண்டு, மூக்கில் வெள்ளையாகக் கொஞ்சம் சளி. கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு ஆஸ்துமா என்றார். குதிரைக்கு ஆஸ்துமாவா என்று எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. முன்பெல்லாம் இதையே சிஓபிடி என்றும் ஆர்ஏஓ என்றும் சொன்னார்களாம், பெயர்தான் மாறியிருக்கிறது, காரணம் அதேதான்: காய்ந்த புல்லிலும் வைக்கோலிலும் இருக்கிற பூஞ்சைத் தூளும் தூசியும் நுரையீரலுக்குள் போய் மூச்சுக்குழாய் வீங்கிக்கொள்கிறது. மருந்து எழுதிக் கொடுத்தார், கூடவே படுக்கையை மாற்றுங்கள் என்றார். மரச்சீவல், தண்ணீர் தெளித்தால் பொரிந்து உதிரும் மரக்குச்சி உருண்டை, சணல், அட்டை என்று நாலைந்து சொன்னார். யார்டில் ஒரு பெரியம்மா ஏற்கெனவே அட்டை போட்டுக்கொண்டிருந்ததால் நாங்களும் அதற்கே போனோம், ஆராய்ச்சியெல்லாம் ஒன்றும் செய்யவில்லை.

வருவது அமுக்கிக் கட்டிய பொதி, பிளாஸ்டிக் உறை போட்டு, ஒன்று 20 கிலோ. உள்ளே கட்டைவிரல் நகம் அளவிலிருந்து தீப்பெட்டி அளவு வரைக்கும் சின்னச் சின்ன அட்டைச் சதுரங்கள். பெட்டி செய்யும் தொழிற்சாலைகளில் வெட்டியது போக மிஞ்சும் புது அட்டை, யாரும் பயன்படுத்திப் போட்ட பெட்டி இல்லை. நடுவில் அலை அலையாக இருக்குமே, அந்த அலைக்குள் இருக்கிற காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது, ஈரத்தை இழுப்பது அட்டையின் காகிதம். சில துண்டுகளில் பாதி எழுத்து இருக்கும், சிலதில் பார்கோடு. "இந்தப் பக்கம் மேலே" என்பதற்கான அம்புக்குறி போட்ட துண்டு ஒன்று பையனின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கீழ்நோக்கிக் காட்டிக்கொண்டிருந்ததை மகள் படம் எடுத்து வைத்திருக்கிறாள்.

பாக்ஸ் 12 அடிக்கு 12 அடி, தரையில் ரப்பர் பாய். முதல் தடவை 9 பொதி போனது. கொட்டும்போது ஓர் அடி உயரத்துக்குப் பொங்கி நிற்கும், ஒரே ராத்திரியில் மிதித்துப் பாதியாக்கிவிடுவான். அதைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம், அது அப்படித்தான். சுவரோரம் மட்டும் வரப்பு மாதிரி உயர்த்தி வைக்க வேண்டும். குதிரை படுத்துப் புரளும்போது சுவரை ஒட்டிக் கால் மாட்டிக்கொண்டால் அதனால் தானாக எழுந்திருக்க முடியாது, அதற்காகத்தான் இந்த வரப்பு. இதில் ஒரு குறை, அட்டை வரப்பு வைக்கோல் வரப்பு மாதிரி நிற்காது, சரிந்துகொண்டே இருக்கும். கொஞ்சம் தண்ணீரைத் தெளித்து ஃபோர்க்கின் (லத்தி அள்ளும் கவைக்கோலின்) முதுகால் தட்டிவிட்டால் பரவாயில்லை.

பொதியை எங்கே பிரிப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. முதல் நாள் நான் யார்டின் நடுவில், வசதியாக இருக்கட்டும் என்று, கத்தியால் உறையை நீளமாகக் கிழித்தேன். காற்று என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனாலும் அரை நிமிஷத்தில் அட்டைத் துண்டுகள் யார்டு முழுக்க, தண்ணீர்த் தொட்டிக்குள், பக்கத்துக் குதிரையின் தீனி வாளிக்குள், ஒரு அம்மாவின் காருக்குள்ளேகூட. அப்புறம் மழை வேறு. சிமெண்ட் தரையில் ஒட்டிக்கொண்ட ஈர அட்டையைத் துடைப்பத்தால் எடுக்க முடியாது, நகத்தால்தான் உரிக்க வேண்டும். பாக்ஸுக்குள் கொண்டுபோய், கதவைச் சாத்திவிட்டுப் பிரியுங்கள்.

இனி தினசரி வேலை, இதுதான் விஷயமே. ஒரு குதிரை ஒரு நாளைக்கு லத்தியும் மூத்திரமுமாகச் சேர்த்து 20 கிலோவுக்கு மேல் போடும், நம் போனி கொஞ்சம் குறைவு. லத்தியை ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு கையாலேயே பொறுக்கிவிடுவது நல்லது, ஃபோர்க்கால் எடுத்தால் நல்ல அட்டையும் பாதி கூடவே போய்விடும். அப்புறம் காய்ந்த அட்டையை எல்லாம் சுவரோரம் ஒதுக்கிக்கொண்டே வந்தால் நடுவில் அந்த ஈர இடம் கிடைக்கும். ஆண் குதிரை என்றால் பெரும்பாலும் பாக்ஸின் நடுவில், பெட்டை என்றால் பின்சுவர்ப் பக்கம், யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியாது, வெளிர் பழுப்பாக அழகாகக் கிடக்கும். நாலு அங்குலம் தோண்டினால் அடியில் கரும்பழுப்பாக, வட்டமாக, தோசைக்கல் அளவுக்கு ஊறிக் கிடக்கும். அதை அன்றன்றைக்கு எடுத்துவிட்டால் ஒரே வீச்சில் தட்டாகப் பெயர்ந்து வரும். ஒரு நாள் தவறினால் ஓரம் கரைந்து நல்ல அட்டையோடு கலந்துவிடும், பிறகு எது நல்லது எது கெட்டது என்று பிரிக்க முடியாது, மூக்கில் அம்மோனியா ஏறிக் கண்ணில் தண்ணீர் வரும். கனமும் சாதாரணக் கனம் இல்லை. கொட்டும்போது பஞ்சு மாதிரி இருந்ததுதானா இது என்று தோன்றும், தள்ளுவண்டியைப் பாதிக்கு மேல் நிரப்பினால் என்னால் தள்ள முடியவில்லை.

எடுத்த பிறகு உடனே மூடிவிடாதீர்கள். ரப்பர் பாய் அரை மணி நேரமாவது காய வேண்டும், பையன் வெளியே மேயப் போயிருந்தால் சாயங்காலம் வரைக்கும் திறந்தே விடுவேன். அப்புறம் ஓரத்தில் ஒதுக்கியதை உள்ளே இழுத்து, இறுகிப்போனதைக் கிளறி உதிர்த்துப் பரப்பி, வாரம் ஒன்றரைப் பொதி மேலே போட்டால் கணக்கு சரியாக இருக்கிறது. இன்னொன்று, குளம்பைத் தினமும் இரண்டு வேளை சுத்தம் செய்ய வேண்டும். ஈர அட்டை குளம்பின் பள்ளத்தில் போய் அடைத்துக்கொள்கிறது, அப்படியே விட்டால் நடுவில் உள்ள மெத்தென்ற முக்கோணம் அழுகி நாற ஆரம்பிக்கும்.

தூசி விஷயத்தில் சொன்னதைச் செய்கிறது. காலை வெயில் பாதிக் கதவு வழியாகச் சாய்வாக விழும்போது வைக்கோலை உதறினால் அந்த வெளிச்சத்தில் ஒரு புகைமூட்டமே எழும், அட்டையைக் கிளறும்போது ஒன்றிரண்டு நூல் மாதிரி மிதக்கும், அவ்வளவுதான். ஆனாலும் மூன்று வாரம் ஆகியும் இருமல் நிற்கவில்லை! விற்றவர்கள் மேல் எனக்குக் கோபம். பிறகுதான் அந்தப் பெரியம்மா ஒரு நாள் எங்கள் பாக்ஸில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "அடுத்த பாக்ஸில் வைக்கோல்தானே, நடுச்சுவர் கூரை வரைக்கும் போகவே இல்லையே" என்றார். காற்று ஒன்றுதான், பக்கத்தில் உதறுகிற தூசியெல்லாம் இவனுக்கும் வருகிறது. அதோடு நாங்கள் புல்லைக் காய்ந்தபடியே வலையில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தோம், அவன் மூக்கை அதற்குள்ளேயே புதைத்து நாள் முழுக்கத் தின்கிறான். படுக்கையை மட்டும் மாற்றி என்ன பிரயோஜனம்? ஓரத்து பாக்ஸைக் கேட்டு மாற்றி வாங்கினோம், புல்லை அரை மணி நேரம் தண்ணீரில் முக்கிக் கொடுத்தோம், பகலில் முடிந்தவரை வெளியே விட்டோம். இரண்டு வாரம் கழித்து, நான் வேலையில் இருக்கும்போது மகள் கூப்பிட்டாள். "அம்மா, இன்னிக்கு ட்ராட்ல ஒரு தடவைகூட இருமலமா." ட்ராட் என்றால் குதிரையின் மெதுவான ஓட்டம். ஆகவே அட்டைக்கு மட்டும் மொத்தப் புகழையும் கொடுக்க மாட்டேன், ஆனால் அட்டை இல்லாமலும் இது நடந்திருக்காது.

எதிர்பாராத லாபம் ஒன்று. வைக்கோல் இருந்தபோது ராத்திரி முழுக்கப் படுக்கையையே தின்று தொப்பை போட்டுக்கொண்டிருந்தான். அட்டையை இரண்டு நாள் மென்று பார்த்துவிட்டு விட்டுவிட்டான். உங்கள் குதிரை விடாமல் தின்றால் உடனே நிறுத்திவிடுங்கள், வயிற்றில் அடைத்துக்கொண்டால் வேறு வினையே வேண்டாம்.

விலை, எங்களுக்குப் பொதி 10 பவுண்டு சொச்சம். வைக்கோலைவிட அதிகம், மரச்சீவலுக்குக் கிட்டத்தட்ட சமம். குப்பைமேட்டில் இடம் மிச்சமாவது இன்னொரு கணக்கு, அட்டை சீக்கிரம் மக்குகிறது. குளிர்காலத்தில் போட்டதை ஏப்ரலில் கிளறினால் கறுப்பாக, புழு நெளிய நெளிய, அட்டை எது லத்தி எது என்று தெரியவில்லை. மரச்சீவல் போட்டவர்களின் பக்கம் இன்னும் சீவல் சீவலாகவே கிடக்கிறது. செலவைக் குறைக்க சூப்பர்மார்க்கெட் பெட்டிகளை வாங்கி வீட்டிலேயே நறுக்கலாமா என்று எங்கள் வீட்டுக்காரர் கிளம்பினார். காகிதம் கிழிக்கும் மெஷின் இரண்டாவது பெட்டியிலேயே புகைந்து போனது. பொறுக்க வேண்டிய செல்லோடேப்பும் இரும்புப் பின்னும் அதற்குமேல்.

பின் என்றதும் ஞாபகம் வருகிறது, எங்களுக்கு வந்த நான்காவது லோடில் இரண்டு பொதி மோசம். பளபளப்பான மெழுகுப் பூச்சு அட்டை கலந்திருந்தது, அது ஈரத்தை இழுக்கவே இல்லை, போதாததற்கு டேப் துண்டு, ஒரு இரும்புப் பின். போட்டோ எடுத்து அனுப்பினேன். ஒரு வாரம் பதில் இல்லை, பிறகு இரண்டு பொதி இலவசமாக வந்தது, மன்னிப்பு என்று ஒரு வரிகூட இல்லை. குளம்பில் அந்தப் பின் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. அதிலிருந்து ஒவ்வொரு பொதியையும் கொட்டியவுடன் கையால் அளைந்து பார்த்துவிட்டுத்தான் குதிரையை உள்ளே விடுகிறேன், பெரிய காந்தம் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன்.

பிளாஸ்டிக் உறை இருக்கிறதே என்று வெளியே அடுக்கி வைத்தும் ஏமாந்தாயிற்று, ஊசித் துளை போதும், பொதி முழுக்க ஊறிவிடும். அடுத்த லோடு 24 பொதி சனிக்கிழமை வருகிறது, வானிலையில் மழை போட்டிருக்கிறான், தார்ப்பாயை நாளைக்கே தேடி எடுக்க வேண்டும்.