பாட்டியின் குரலா, கப்பல் பட்டியலா?

1880களிலிருந்து 1924 வரை கிழக்கு ஐரோப்பாவிலிருந்து 20 லட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். குடும்பக் கதையை எப்படிக் காப்பாற்றுவது என்று இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் கேட்கிறார்கள். பெரியவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்வதா, ஆவணங்களைத் தேடுவதா, மரபணுச் சோதனைக்கு எச்சிலை அனுப்புவதா?

ஆவணத்தின் பலம் சாதாரணமானதில்லை. நியூயார்க் துறைமுகத்தில், குடியேற வருபவர்களைச் சோதித்து உள்ளே அனுப்பும் எல்லிஸ் தீவு நிலையம் 1892 முதல் 1954 வரை இயங்கியது. அங்கே வந்திறங்கியவர்களின் கப்பல் பட்டியல்களை 2001 முதல் இணையத்தில் தேடலாம். 1907க்குப் பிந்தைய பட்டியல் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்: ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவினர் யார், அமெரிக்காவில் யார் வீட்டுக்குப் போகிறார் என்ற இரண்டும் அதில் இருக்கும். ஒரே வரியில் கடலின் இரு கரையிலும் ஆள் கிடைத்துவிடுகிறார். கல்லறைக் கல்லையும் விடக்கூடாது. ஹீப்ரு வரியில் பெரும்பாலும் இறந்தவருடைய தந்தையின் பெயரும் செதுக்கியிருப்பார்கள். அப்படியே ஒரு தலைமுறை பின்னால் போய்விடலாம்.

சிக்கல், பெயர்களில். லெம்பெர்க், லுவுஃப், லிவிவ் மூன்றும் இன்றைய உக்ரைனில் இருக்கும் ஒரே ஊர். ஆட்சி மாற மாறப் பெயரும் மாறியது. ஆட்களின் பெயரையும் ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். ஒலி ஒத்த பெயர்களைச் சேர்த்துத் தேடுவதற்காகவே 1985இல் டைச்-மோகோடோஃப் என்ற குறியீட்டு முறையை உருவாக்கினார்கள்.

சரி, குரல்? அது தவறும். "எல்லிஸ் தீவு அதிகாரி எங்கள் பெயரை மாற்றிவிட்டார்" என்று எத்தனையோ குடும்பங்களில் சொல்வார்கள். உண்மையில் அந்தப் பட்டியலைப் புறப்படும் துறைமுகத்திலேயே கப்பல் நிறுவனத்தார் எழுதிவிடுவார்கள். எல்லிஸ் தீவு அதிகாரிகள் அதை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயரைப் பிற்பாடு மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் குடும்பத்தாரே.

ஆனாலும் என் ஓட்டு முதலில் குரலுக்குத்தான். பெயர் எப்போது மாறியது என்பதைக் குடியுரிமைத் தாள் காட்டக்கூடும். பழைய பெயரோடு வேலை தேடிப்போனபோது என்ன நடந்தது, வீட்டுக்குள் எந்தப் பெயரில் கூப்பிட்டார்கள் என்பதெல்லாம் பாட்டி சொன்னால்தான் உண்டு. அவர் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வீட்டு மொழியான இட்டிஷில் பேசினால் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லித் தடுக்காதீர்கள். மொழிபெயர்ப்பை அப்புறம் செய்துகொள்ளலாம். அந்தப் பேச்சை அப்புறம் கேட்க முடியாது. கப்பல் பட்டியல் எங்கும் போய்விடாது.

மரபணுச் சோதனையைக் கடைசியில் வைப்பேன். அஷ்கெனாசி யூதர்கள், அதாவது மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த யூதர்கள், நூற்றாண்டுகளாகத் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொண்டதால், மிகத் தூரத்து உறவும் நெருங்கிய உறவுபோல முடிவில் தெரியும். ஆயிரக்கணக்கான பொருத்தங்கள் வரும். காகிதத் தடயம் கையில் இல்லாமல் அவற்றைப் பிரித்தறிவது கடினம். நாஜிப் படுகொலையில் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு, உயிரோடு இருக்கும் ஒரு மாமன் மகனை அது காட்டிக்கொடுக்கலாம் என்பதால்தான் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

பதிவுக்கு உட்காரும்போது வெறும் கேள்விகளோடு போகாதீர்கள். பழைய புகைப்படம் ஒன்றைப் பாட்டியின் கையில் கொடுத்து, ஒவ்வொரு முகமாகக் காட்டிப் பேசச் சொல்லுங்கள். அவர் சொல்லும் பெயர்களை அன்றைக்கே படத்தின் பின்பக்கம் பென்சிலால் மெதுவாக எழுதிவிடுங்கள்.