ஏரியாக் கடை பீட்சாவா, செயின் பீட்சாவா: வேலூர் நிலவரம்

பீட்சா பிறந்த ஊரான இத்தாலியின் நேப்பிள்ஸில் விறகு அடுப்பு 430 முதல் 485 டிகிரி வரை கனன்றுகொண்டிருக்கும். 200–280 கிராம் மாவு உருண்டையைக் கையால் விரித்து உள்ளே தள்ளினால் 60–90 நொடியில் பீட்சா வெளியே வந்துவிடும். 2015இல் மிலானில் கடை திறந்த டோமினோஸ் என்ற அமெரிக்கச் செயின் (ஒரே பெயரில் ஊர் ஊராகக் கிளை போடும் நிறுவனம்), 2022இல் இத்தாலியை விட்டே கிளம்பியது. கொரோனா காலத்தில் ஏரியாக் கடைகளும் டெலிவரிக்கு இறங்கியது அதற்கு ஒரு காரணம். ஸ்வீடனிலோ, குடியேறியவர்கள் நடத்தும் சின்னக் கடைகளில் கெபாப் பீட்சாவும் தொட்டுக்கொள்ள முட்டைகோஸ் சாலடும்தான் ஊர் வழக்கம். இதையெல்லாம் வைத்து "சொந்தக் கடை என்றாலே ருசி" என்று காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ கிளம்பினால் பாதி நாள் ஏமாற்றம்தான்.

முதல் சிக்கல் அடுப்பு. நம்மூர்ச் சின்னக் கடைகள் பலவற்றில் இருப்பது 250–300 டிகிரி தொடும் மின் ஓவனோ கேஸ் ஓவனோதான். அதில் பீட்சா வேக ஆறிலிருந்து பத்து நிமிஷம் ஆகும். அதற்குள் மெல்லிய அடி ஈரம் வற்றி ரஸ்க் ஆகிவிடும். இப்படிப்பட்ட கடையில் தின் கிரஸ்ட் கேட்பது நம் தப்பு, தடித்த அடி கேளுங்கள். செயின் கடைகள் இதைக் கணக்குப் போட்டேதான் எண்ணெய் தடவிய தடித்த அடியைத் தங்கள் ஓவனுக்கு ஏற்றபடி வைத்திருக்கின்றன. ஆம்பூர் பிரியாணிக்குக் கட்டை அடுப்பு ஏன் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

அடுத்தது வெயில். ஏப்ரல், மே மாதங்களில் காலையில் பிசைந்த மாவை ஃப்ரிட்ஜில் வைக்காமல் விட்டால் சாயங்காலத்துக்குள் புளித்து அடங்கிவிடும். ஈஸ்ட் மாவிலிருக்கும் சர்க்கரையைத் தின்று தீர்த்துவிடுவதால் ஓரம் சிவக்காது, விரிக்கும்போதே கிழியும், புளிப்பு வாடை வரும். செயினில் மாவு குளிர்பெட்டியிலேயே வந்து குளிரிலேயே இருப்பதால் மே மாதத்திலும் அதே பீட்சா. கோடையில் அவர்கள் பக்கம்தான் என் ஓட்டு. ஏரியாக் கடைக்குப் போவதென்றால் மாவு பிசைந்து ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வைக்கிறார்களா என்று கேளுங்கள். 500 கிராம் மைதாவுக்கு 300 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு, 1 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் என்று அளவு சொல்பவர் கடையை நம்பலாம்.

சீஸையும் பாருங்கள். நல்ல மொசரெல்லா சூட்டில் இழுபடும், அங்கங்கே பழுப்புப் புள்ளி விழும். தாவர எண்ணெய் கலந்த மலிவுச் சரக்கு வெள்ளை விரிப்பாகப் படிந்து கிடக்கும். ஆறினால் மெழுகு மாதிரி மேலண்ணத்தில் ஒட்டும். அதைச் சீஸ் என்று விற்க விதி இடம் தருவதில்லை, மெனு கார்டுக்கு அது தெரியாது.

விலையில் ஒரு கணக்கு: 7 அங்குலம் இரண்டு வாங்கினாலும் பரப்பு 77 சதுர அங்குலம்தான், 10 அங்குலம் ஒன்றே 78 வரும். இரண்டு சின்னதின் விலையையும் ஒரு மீடியத்தின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

மெல்லிய அடி வேண்டுமென்றால் கல் பதித்த ஓவன் உள்ள கடையில் உட்கார்ந்து, வந்த ஐந்து நிமிஷத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வருவதற்குள் பெட்டிக்குள் ஆவி கட்டி அடி நமுத்துவிடும். பார்சல்தான் என்றால் செயினின் தடித்த அடி தாங்கும். நமுத்ததைத் தோசைக்கல்லில் சிறு தீயில் வையுங்கள். ஓரத்தில் அரை ஸ்பூன் தண்ணீர் விட்டு மூடினால் நாலு நிமிஷத்தில் அடி மொறுமொறுப்பாகி சீஸும் இளகும். மைக்ரோவேவில் வைத்தால் அடி செருப்புத் தோல் மாதிரிதான். தோல் தொழிற்சாலைகள் நிறைந்த ராணிப்பேட்டைப் பக்கத்து ஆட்களுக்கு அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.