சைக்ளோன் வாளியா, ஃபேன் பெட்டியா?

குன்னூரில் மழைக்காலத்தில் ஷெட் கதவைத் திறந்து வைத்துக் காரில் பூசிய பட்டியைத் தேய்க்க முடியாது. மூடுபனி உள்ளே வந்து, பெயிண்ட் எடுத்த தகட்டில் துரு பூத்துவிடும். கதவைச் சாத்தினால் தூசி முழுக்க நம் நுரையீரலுக்குத்தான்.

தூசியைப் பிடிக்க இரண்டு வழி. ஃபேனில் ஃபில்டர் கட்டிய பெட்டி செய்வது சுலபம். ஆனால் ஏற்கெனவே பறந்த தூசியைத்தான் அது பிடிக்கும்.

என் ஓட்டு சைக்ளோன் வாளிக்கே. சைக்ளோன் என்பது காற்றைச் சுழற்றும் கூம்பு. அதை, சாண்டருக்கும் (தேய்க்கும் மெஷின்) வாக்குவம் கிளீனருக்கும் நடுவே, மூடி இறுகிய பெயிண்ட் வாளியில் பொருத்த வேண்டும். காற்று சுழலும்போது கனமான தூசி ஓரம் ஒதுங்கி வாளியில் விழுந்துவிடும். ஃபில்டர் சீக்கிரம் அடைக்காது. வாளி கெட்டியாக இல்லையென்றால் உறிஞ்சும் வேகத்தில் உள்ளே நசுங்கும். அப்புறம், கிரைண்டர் தீப்பொறியை இதில் இழுக்கவே கூடாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். எதை வைத்தாலும் மாஸ்க்கைக் கழற்றாதீர்கள்.