டிக்கியில் இருக்கும் நடைப்பை: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

வண்டி நின்றுபோய், சாலையும் அடைபட்டு, நடந்துதான் வீடு சேர வேண்டும் என்றால் தோளில் மாட்டிக்கொண்டு இறங்க ஒரு பை. அதை டிக்கியில் வைத்துச் சில வருடங்களாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அவ்வப்போது அதே பையோடு வேலையிடத்திலிருந்து வீடு வரை நடந்தும் பார்க்கிறேன். இதற்கென்று போடப்படும் பட்டியல்கள் பெரும்பாலும் நடக்கப்போகும் அந்த ஒரு நாளை மட்டுமே நினைக்கின்றன. பையோ தன் ஆயுள் முழுக்க மூடிய வண்டிக்குள் வெந்துகொண்டு கிடக்கிறது. எதை வைக்கலாம் என்பதை முதலில் அந்த வெக்கையிடம்தான் கேட்க வேண்டும்.

வெளியே 35 டிகிரி வெயில் என்றால் ஒரு மணி நேரத்தில் வண்டிக்குள் 50-ஐத் தாண்டிவிடும். முன்கண்ணாடியை ஒட்டிய பகுதி இன்னும் கொதிக்கும். இந்தச் சூட்டில் முதலில் பாழாவது பவர் பேங்க். லித்தியம் அயன் பேட்டரி வெப்பத்தில் கொள்ளளவை இழக்கும், உப்பிப்போகும், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. அதனால் அது தினமும் கையோடு கொண்டுபோகும் பையில் இருக்கிறது. வண்டியில் கேபிள் மட்டும். தலையில் மாட்டிக்கொள்ளும் விளக்கான ஹெட்லாம்புக்குச் சாதாரண அல்கலைன் செல்கள் வேண்டாம். கசிந்து முனைகளை அரித்துவிடும். ரீசார்ஜ் செய்ய முடியாத 1.5 வோல்ட் லித்தியம் செல்கள் மைனஸ் 40 முதல் பிளஸ் 60 டிகிரி வரை தாங்கும். விலை அதிகம்தான், ஆனால் இந்த ஓர் இடத்தில் கணக்குப் பார்க்கக் கூடாது. அவற்றையும் விளக்குக்குள் போடாமல் தனி உறையில் வைத்திருக்கிறேன். டார்ச்சைவிட ஹெட்லாம்ப் மேல்: இரண்டு கையும் சும்மா இருக்கும்.

மாத்திரைகள் பெரும்பாலும் 25 அல்லது 30 டிகிரிக்குள் வைக்க வேண்டியவை. தினமும் சாப்பிடும் மருந்தை டிக்கியில் விட்டுவைப்பது சரியே இல்லை. பிளாஸ்டரின் பசையும் சூட்டில் இளகிப்போகும் என்பதால் ஒவ்வொரு கோடைக்குப் பிறகும் மாற்றுகிறேன்.

இனி கால்கள். பையில் உள்ள மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பேன், ஷூவையும் சாக்ஸையும் மட்டும் கொடுக்கமாட்டேன். அலுவலகச் செருப்போடு 15 கிலோமீட்டர் நடப்பது பெரும் அவஸ்தை. வைக்கும் ஷூ புதிதாக இருக்கக் கூடாது, காலுக்குப் பழகியதாக இருக்க வேண்டும். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: அடிப்பாகத்தின் நடு அடுக்கு பாலியூரித்தேன் என்ற நுரை பிளாஸ்டிக்கால் ஆன ஷூக்கள் சும்மா கிடந்தாலே ஈரப்பதத்தாலும் வெப்பத்தாலும் உள்ளுக்குள் சிதையும். பார்க்கப் புதிதாகவே தெரியும். நடக்கத் தொடங்கியதும் அடிப்பாகம் உதிர்ந்து வரும். அதனால் வண்டி ஷூவை அடிக்கடி எடுத்துப் போட்டு, வீட்டு ஷூவோடு சுழற்சியில் வைத்திருக்கிறேன். கம்பளி கலந்த சாக்ஸ் இரண்டு ஜோடி. கால் எரியத் தொடங்கிய அந்த இடத்திலேயே நின்று டேப் ஒட்டிவிட வேண்டும். கொப்புளம் வந்தபிறகு ஒட்டிப் பயனில்லை.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. எஃகு பாட்டிலில் ஒரு லிட்டர், கூடவே உப்புக் கரைசல் பொடி ஒரு பாக்கெட், வழியில் நிரப்பிக்கொள்ள மடக்கும் காலிப் பை. உறைபனி விழும் ஊர் என்றால் பாட்டிலை முழுக்க நிரப்ப வேண்டாம், தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் பெருகும். சாப்பாட்டுக்கு உருகாத எதுவும் போதும். கோடரி, அடுப்பு, கயிறு எல்லாம் என் பையிலிருந்து எப்போதோ வெளியேறிவிட்டன. மழைக்கோட்டு, ஒளி தெறிக்கும் மேற்சட்டை, விசில், சில்லறையாகக் கொஞ்சம் பணம் சேர்த்து மொத்தம் ஐந்து கிலோவுக்குள்.

காகித வரைபடம் கட்டாயம். வண்டி போகும் வழியும் நடக்கும் வழியும் ஒன்றல்ல; பாலத்தைத் தவிர்க்கும் மாற்றுப் பாதை ஒன்றையும் குறித்துவையுங்கள். நேரக் கணக்குக்கு 1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன விதி இன்றும் உதவும்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அது நல்ல உடம்புக்காரர், ஓய்வில்லாமல் நடந்தால். இருட்டிலும் மழையிலும் மணிக்கு மூன்று கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வதே நிதானம்.

பை இருக்கிறது என்பதற்காக இறங்கிவிடவும் கூடாது. பனிப்புயலில் வண்டியை விட்டு விலகாமல் இருப்பதே உயிருக்குப் பாதுகாப்பு. ஓடும் வெள்ளம் 15 சென்டிமீட்டர் இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும் என்பதால், தண்ணீர் குறுக்கிட்டால் சுற்றுவழிதான். நடப்பது என்று முடிவாகிவிட்டால் கிளம்பிய நேரத்தையும் போகும் வழியையும் ஒரு தாளில் எழுதி முன்கண்ணாடிக்கு உள்ளே வைத்துவிட்டுப் போங்கள். அதற்கான தாளும் பென்சிலும் பையின் மேல் அறையிலேயே இருக்கட்டும். பேனா மை வெயிலில் காய்ந்துவிடும்.