கண்டக்டர் பாட்டு வகுப்புக்குப் போனேன்

28 வருஷம் திருநெல்வேலி – தென்காசி ரோட்டில் கண்டக்டர் வேலை. பேட்டை, சீதபற்பநல்லூர், ஆலங்குளம், பாவூர்சத்திரம் என்று நான் கூப்பிட்டால் கடைசி சீட்டில் தூங்குகிறவரும் எழுந்து பையைத் தேடுவார். அதனால் எனக்குக் குரல் உண்டா என்ற சந்தேகமே வந்ததில்லை. ஓய்வு பெற்ற கையோடு பாளையங்கோட்டையில் பெரியவர்களுக்கென்று நடக்கும் ஒரு பாட்டு வகுப்பில் சேர்ந்தேன். இப்போது பத்து மாதம் ஆகிறது. எப்படி இருக்கிறது என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

சேர்ந்தது காவடிச்சிந்துக்காக. என் சித்தப்பா தைப்பூசத்துக்குப் பச்சை வேட்டி கட்டித் திருச்செந்தூருக்கு நடக்கும்போது சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் சிந்தைப் பாடிக்கொண்டே போவார். அது கழுகுமலை முருகன் மேல் பாடியது. திருச்செந்தூர் ரோட்டில் யார் அதையெல்லாம் பார்த்தார்கள்? கால் வலித்தவர்கள்கூட அந்த நடைக்குக் கால் வைப்பார்கள். அதில் ரெண்டு பாட்டு படிக்க மூன்று மாதம் போதும் என்று நானாகக் கணக்குப் போட்டிருந்தேன்.

முதல் நாள் டீச்சர், ஆதார சுரத்தை விடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும் சுருதிப்பெட்டியை ஒரு கட்டை சுருதியில் (கட்டை என்பது சுரம் எவ்வளவு உயரம் என்பதற்கான கணக்கு) வைத்து, "ஸா சொல்லுங்க அண்ணாச்சி" என்றார். ஸ்டாப் பெயர் சொல்வதுபோல விட்டேன். பக்கத்து அறையில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த பிள்ளை வாசிப்பை நிறுத்திவிட்டது. "சத்தம் நல்லா இருக்கு. பெட்டி என்ன சொல்லுதுன்னு கேட்டீங்களா?" கேட்கவில்லை. எஞ்சின் இரைச்சல், ஹார்ன், சில்லறைச் சண்டை எதையும் காதில் வாங்காமல் கத்துவதுதானே அத்தனை வருஷமும் என் பிழைப்பு.

மூன்று வாரம் வெறும் ஸாதான், அதுவும் முனகல் மாதிரி. இந்த இடத்தில்தான் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். நானும் நிற்கத்தான் பார்த்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, என் குரலும் பெட்டியும் ஏறக்குறைய சேர்ந்து வரும்போது நடுவே 'வ்வம் வ்வம்' என்று ஒரு நடுக்கம் கேட்டது. குரலை ஒரு மயிரிழை இறக்கினேன், நடுக்கம் மெதுவானது. இன்னும் கொஞ்சம் இறக்கினேன், நின்றேவிட்டது. யாரோ பெட்டியை அணைத்துவிட்டார்கள் என்று கண்ணைத் திறந்தால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு கட்டை ஸாவில் ஆண்குரலுக்கு நொடிக்கு 130 சொச்சம் அதிர்வாம். நான் அதைவிட மூன்று கூடுதலாக நின்றால், அந்த மூன்றும் நொடிக்கு மூன்று நடுக்கமாகக் காதில் விழும். சில்லறைப் பாக்கி மாதிரிதான், கணக்கு நேரானதும் காணாமல் போய்விடுகிறது.

பாடத் தெரிந்தவர்கள் சுருதி விலகவே மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். டீச்சரும் விலகுகிறார். ஆனால் நமக்குத் தெரிவதற்குள் திரும்பி வந்துவிடுகிறார். நெல்லையப்பர் கோயில் இசைத்தூணைத் தட்டினால் கல் தன் சுரத்தைச் சொல்லிவிடும். தொண்டைக்கு அந்த வசதி கிடையாது, ஒவ்வொரு தடவையும் தேடித்தான் போய்ச் சேர வேண்டும்.

நடுவில் பேரன் போனில் ஒரு கரோக்கி ஆப் போட்டுக் கொடுத்தான். 87 மார்க் வந்தது. பெருமையாக டீச்சரிடம் அதே பாட்டைப் பாடிக் காட்டினேன். "அது மனசு நோகாம மார்க் போடுது அண்ணாச்சி" என்று சொல்லி, நான் பாடியதைப் பதிவு செய்து போட்டுக் காட்டினார். என் குரலே இல்லை, யாரோ ஒல்லியான ஆள் பாடுகிற மாதிரி இருந்தது. நம் குரல் நமக்கு மண்டை எலும்பு வழியாகவும் கேட்பதால்தான் அத்தனை கனமாகத் தெரிகிறதாம். ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இப்போது மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, அதாவது சுரங்களை ஏறி இறங்கிப் பாடும் ஆரம்பப் பாடம் ஓடுகிறது. இதில் ஸாவுக்கும் அடுத்த சுரமான ரிக்கும் நடுவில் இடைவெளி ரொம்பக் குறைவு. பழைய நினைப்பில் எட்டி வைத்தால் கால் அடுத்த படிக்குப் போய்விடுகிறது. காவடிச்சிந்து எப்போது என்று கேட்டால் டீச்சர் சிரிக்கிறார்.

குறைகளும் உண்டு. மாடிப்படி செங்குத்து, முட்டி வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்கு மேல் கொசு. கீபோர்டு பிள்ளைகளுக்கும் நமக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். சினிமாப் பாட்டு மட்டும் போதும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. மாதம் 800 ரூபாய், வாரம் ரெண்டு நாள். என்னைக் கேட்டால் கொடுக்கலாம்.

போன வாரம் தென்காசி போகும்போது பஸ் ஆலங்குளத்தில் நின்றது. எஞ்சின் ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது. சும்மா இல்லாமல் அதோடு ஸா சேர்த்துப் பார்த்தேன். ஜன்னலோரம் இருந்தவர் எழுந்து முன் சீட்டுக்குப் போய்விட்டார்.